மூன்று நாள் சுவர்க்கோழிகளும் சுற்றறிக்கை நாற்பத்தொன்றும்

கூட்டக் குறிப்பு எழுதுவது சாதாரண வேலையில்லை. இரண்டு மணி நேரம் ஒன்பது பேர் பேசியதைக் கேட்டுவிட்டு, யாரும் எதுவும் பேசாதது போல அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். நான் பதினொரு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். நகரத்தின் வடக்கு ஓரத்தில், கிராஞ்சிப் பக்கம் ஒரு பூச்செடிப் பண்ணைக்கும் ஒரு தவளைப் பண்ணைக்கும் நடுவில் இருக்கிற பூச்சி வாழ்நாள் ஆராய்ச்சி நிலையத்தின் ஒப்புதல் குழுவுக்கு நான் செயலர். பெயர் திவ்யதர்ஷினி. குறிப்பில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதற்கு யாருடைய ஒப்புதலும் வாங்கவில்லை.

எங்கள் நிலையத்தில் மூத்த ஆய்வுக்கூட உதவியாளர் சாகுல் ஹமீது. எல்லாருக்கும் சாகுல் பாய். ஒரு காலத்தில் பஃபலோ ரோட்டில் பறவைத் தீவனக் கடை வைத்திருந்தவர். பறவை வளர்ப்பவர்களுக்கு இரையாகச் சுவர்க்கோழி என்னும் பூச்சியை விற்றுக்கொண்டிருந்தவரைப் பத்தொன்பது வருடம் முன்பு நிலையம் அழைத்துவந்தது. ஏனென்றால், இங்கே இருந்த மூன்று முனைவர்களாலும் ஒரு சுவர்க்கோழியை ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. பாய் வந்ததும் அவை பெருகின. அவரும் நுண்ணோக்கி பிடிக்கவும் பூச்சி உடம்பை மெல்லிய சீவலாக எடுக்கவும் கற்றுக்கொண்டார். தினமும் பொங்கோலில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, கிராஞ்சியில் இறங்கி, முப்பது நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு வந்துவிடுவார். வந்தவுடன் கேரட் நறுக்குவார், பூச்சிகளுக்கு.

இந்த ஜனவரியில் அவர் ஒரே நாளில் இரண்டு விண்ணப்பம் போட்டார். முதலாவது, பூச்சிகளைப் பற்றியது. இரண்டாவது, அவரைப் பற்றியது.

முதலாவதைச் சொல்கிறேன். உடம்பில் ஒரு செல் இரண்டாக வேண்டுமானால், தனக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் முதலில் ஒரு படி எடுத்தாக வேண்டும். பொரிந்து வந்த சுவர்க்கோழிக் குஞ்சின் உடம்பில் இந்தப் படியெடுப்பு இரவு பகலாக நடக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும் முன்பும் இன்னும் மும்முரமாகும். சிறகு முளைத்துப் பெரியதானதும் அடங்கிவிடும். முட்டைப் பையிலும் குடலிலும் மட்டும் கொஞ்சம் ஓடும். கிழமானால் அதுவும் குறைந்துபோகும். எவ்வளவு குறைகிறது, எப்போது குறைகிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வு. தீவனத்தில் ஓர் அடையாளப் பொருளைக் கலந்து கொடுத்தால், அன்று புதிதாக உண்டான டி.என்.ஏ.வுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

நிலையத்தில் இது நேர்மாறு. வயதாக ஆக எங்களிடம் படியெடுப்பு கூடிக்கொண்டே போகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு முதலில் மூன்று படி போதும். இப்போது பதினான்கு.

ஜனவரி ஆறாம் தேதி, பொரிந்து மூன்று நாளான நூறு குஞ்சுகளுக்கு அடையாளத் தீவனம் கொடுக்க அனுமதி கேட்டார் பாய். படிவம் முப்பத்தெட்டுப் பக்கம். வேறு ஏதோ அலுவலகத்தின் படிவத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள் என்பதால், "வசிக்கும் வீட்டின் வகை" என்று ஒரு கட்டம் இருந்தது. மூவறை, நாலறை, ஐந்தறை. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

"என்னம்மா போடுறது?" என்று என்னிடம் வந்தார். பூச்சிகள் வசிப்பது முட்டை அட்டையில். "ஒரு அட்டையில முப்பது குழி இருக்கு."

"ஐந்தறை, அதுக்கு மேலன்னு போடுங்க பாய்."

போட்டார். உள்ளே போனது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. குழுவின் கேள்வி: மூன்று நாள் என்பது சனி, ஞாயிறு சேர்த்தா, வேலை நாள் மட்டுமா?

பாய் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். "அதுங்க லீவு எடுக்கிறதில்லைம்மா," என்றார். அதை அப்படியே எழுத முடியாதே. "நாட்காட்டி நாட்கள், பொது விடுமுறை உட்பட" என்று நான் எழுதிக் கொடுத்தேன். இதற்குள் குஞ்சுகளுக்குப் பதினேழு நாள்.

நான் கூட்டத்தில் அதைக் குறிப்பிட்டேன். நிலைய இயக்குநர் டாக்டர் பிரபாகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் எந்த மொழிக்கு மாற்றினாலும் அது மேடைப் பேச்சாகத்தான் வரும்.

"நடைமுறை என்பது ஒரு மரபு. மரபைப் பூச்சிகளின் அவசரத்துக்காக நாம் குறுக்க முடியாது. அவை காத்திருக்கட்டும். காத்திருத்தலும் ஒரு பயிற்சியே."

காத்திருக்க வேண்டும் என்று பூச்சிகளுக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த நாள் நூறு குஞ்சுகள் இருந்த பெட்டியின் மேல் 'நிலுவையில்' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. பாய் அதைத் தடவிப் பார்த்தார்.

"இத படிச்சுட்டு வளராம நிப்பாட்டிடுமா?"

"பாய், சிஸ்டத்துல ஏஜ் லாக் ஆயிடுச்சு லா," என்றார் சுஷ்மிதா. மனிதவளப் பிரிவும் கணினிப் படிவங்களும் அவர் பொறுப்பு. முப்பது வயது, பேச்சை 'லா' போட்டு முடிக்கும் இந்த ஊர்ப் பழக்கம், கெட்டிக்காரப் பெண், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். "நீங்க சப்மிட் பண்ண டேட்ல என்ன வயசோ அதான் வயசு. அப்ரூவல் வர்ற வரைக்கும் சேஞ்ச் ஆகாது. டோன்ட் வொரி."

கணினியில் அவை மூன்று நாள் குஞ்சுகளாகவே இருந்தன. பெட்டியில் ஏழு முறை, எட்டு முறை தோலுரித்து, பிப்ரவரி கடைசியில் சிறகு முளைத்துப் பாட ஆரம்பித்தன. ஆண் சுவர்க்கோழி பெண்ணைக் கூப்பிடுகிற பாட்டு. பக்கத்து அறை கூட்ட அறை. மூன்று நாள் குழந்தைகள் இப்படிச் சத்தம் போடக் கூடாது என்று ஒரு புகார் வந்தது. விசாரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. பெட்டியின் ஈர மண்ணில் முட்டைகள்.

அந்த வார விசாரணையை நான் மறக்க மாட்டேன். பாயை மேசையின் கடைசியில் உட்காரவைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் கூட்ட அறைக்குள் வந்து உட்கார்ந்தது அன்றுதான். கையில் கேரட் வாசனை.

"மூன்று நாள் வயதில் இவை எப்படி முட்டையிட்டன?" என்றார் இயக்குநர்.

"ஐயா, அதுக்கு இப்ப அறுபத்து நாலு நாள் ஆகுது. பெரிய பூச்சி. கல்யாணம் காட்சி எல்லாம் முடிஞ்சு போச்சு."

"பதிவேடு மூன்று நாள் என்கிறது."

"பதிவேடு சொல்லுது ஐயா. பூச்சி வேற சொல்லுது."

பூச்சியை நம்புவதா, பதிவேட்டை நம்புவதா என்ற கேள்வியில் எங்கள் நிலையத்தில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"நண்பர்களே, இதைப் பிரச்சினையாக ஏன் பார்க்க வேண்டும்? மற்ற நிலையங்களில் இரண்டு மாதத்தில் எட்டும் முதிர்ச்சியை நம் பூச்சிகள் மூன்றே நாளில் எட்டியிருக்கின்றன. இது திறமை. இது நம் சூழலின் வெற்றி. ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்."

ஒதுக்கினோம். குறிப்பில் நான் எழுதியது: 'முன்னேற்றம் கவனத்தில் கொள்ளப்பட்டது.'

முட்டைகள் மார்ச் இருபத்திரண்டாம் தேதி பொரிந்தன. கொசுவளவு, வெளிர் பழுப்பு, அறுபது எழுபது குஞ்சுகள். அவற்றைப் பதிவு செய்யச் சுஷ்மிதா மூன்று முறை முயன்றார். பெற்றோரின் வயது மூன்று நாள் என்று இருக்கும்போது, பிள்ளைகளின் வயதை எந்த எண்ணாகப் போட்டாலும் கணினி சிவப்பாக எரிந்தது. கடைசியில், "ரெக்கார்ட்ல இதுங்க இல்ல, பாய். அதனால இங்கயும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாய் அவற்றை தனியாக ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் துளையிட்டுத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. பெட்டியில் இருந்தவற்றுக்கு எண்பது நாள். மீசை ஒடிந்து, பின்னங்கால் போய், சிறகு கிழிந்து, ஏறக்குறைய பாதி செத்துப்போயிருந்தன. ஒப்புதல் கடிதத்தின்படி அவற்றுக்கு அடையாளத் தீவனம் கொடுக்கப்பட்டது. மறுநாள் பாய் சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இருட்டு. எங்கேயாவது ஒன்றிரண்டு பச்சைப் புள்ளி.

"அது உடம்புல எந்த இடம் பாய்?"

"குடல்மா. வயசான காலத்துல வயிறு மட்டும்தான் விடாம வேலை பாக்குது," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியில் இருந்த டப்பாவைக் காலால் லேசாகத் தொட்டார். "நிஜமான மூணு நாள் இங்க இருக்கு. பாக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா அனுமதி இல்லாம செய்ய மாட்டேன்."

நான் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பதிவு எண் உள்ள உயிர்களுக்கு மட்டுமே அனுமதி தேவை என்று நான்காம் விதி சொன்னது. இவற்றுக்கு எண் இல்லை. இவை இல்லவே இல்லை. பாய்க்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அன்று தீவனம், மறுநாள் சீவல். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் என்னை அறியாமல் "ஐயோ" என்றேன். தீபாவளிக்கு விளக்குப் போட்ட சிராங்கூன் ரோடு மாதிரி தலை முதல் வால் வரை பச்சை. கண், கால், தோல், குடல், எல்லா இடத்திலும் படியெடுப்பு. ஒரு விரல் நகத்தில் உட்காரும் குஞ்சுக்குள் இவ்வளவு ஆரவாரமா என்று மறுபடியும் கண்ணை வைத்தேன். பாய் கண்ணாடித் தகட்டில் பென்சிலால் 'நிஜ மூணு நாள்' என்று எழுதி ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்தார்.

ஆனால் மேல்மாடியில் இயக்குநருக்குப் போனது அந்தத் தகடு இல்லை, இருட்டுத் தகடு. இரண்டு நாளில் இயக்குநர் எல்லாரையும் கூட்டினார்.

"உலகமே இதுவரை தவறாக நினைத்திருந்தது. இளம் பூச்சியின் உடலில் டி.என்.ஏ. உருவாக்கம் உச்சத்தில் இருக்கும் என்று பாடநூல்கள் கற்பித்தன. நம் மூன்று நாள் குஞ்சுகளிலோ அது ஏறக்குறைய இல்லவே இல்லை! இளமையில் வளர்ச்சி என்பது ஒரு மாயை. நிர்வாகத்தில் இதை நான் பல ஆண்டுகளாகவே கவனித்து வருகிறேன்."

ஏப்ரல் பத்தாம் தேதி இந்தக் கண்டுபிடிப்பைப் பார்க்க வெளியிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முன் ஒரே ஒரு தாள் பாக்கி. பூச்சிகளின் வயது மூன்று நாள் என்று அவற்றை வளர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழி.

பாய் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

இங்கேதான் அவருடைய இரண்டாவது விண்ணப்பம் வருகிறது. ஏப்ரல் பதினெட்டு வந்தால் அவருக்கு அறுபத்துமூன்று. எங்கள் நிலையத்தில் அது ஓய்வு வயது. அதற்கு மேலும் வேலையில் இருக்க மறுவேலை நியமனம் வேண்டும் என்று ஜனவரி ஆறாம் தேதியே விண்ணப்பித்திருந்தார். அதுவும் நிலுவையில். 'ஒத்துழைப்பு திருப்திகரம்' என்று இயக்குநர் எழுதினால்தான் அது நகரும்.

"ஒரு கையெழுத்துதானே, அங்கிள்," என்றார் சுஷ்மிதா. பாய் என்று கூப்பிடுவதை அன்று மறந்துவிட்டார், அவருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். "போட்டுட்டீங்கன்னா உங்க ஃபைல் ஸ்மூத்தா போயிடும் லா."

"பொண்ணு, நான் கடையில பூச்சி வித்தவன். சின்னத சின்னதுன்னும் பெருச பெருசுன்னும் சொல்லித்தான் வித்தேன். கிழட்டுப் பூச்சியப் பாத்து பச்சப் புள்ளன்னு எழுதினா, அப்புறம் என் கண்ணையே நான் எப்படி நம்புறது?"

அன்று மதியம் கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் கதீஜா, அவர் மனைவி, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கையெழுத்து போட்டுட்டு வாங்க, இல்லாட்டி வீட்டுல என் குக்கரோட சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்கங்கறா. அவ சொல்றதும் நிஜம்தான். எனக்கு வீட்டுல இருக்கத் தெரியாதும்மா. பயமா இருக்கு." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

ஆனால் நிலையம் மனிதாபிமானம் உள்ளது. ஒருவரைப் பொய் சொல்ல வற்புறுத்தாது. அது பொய்யாக இல்லாதபடி விதியை மாற்றிவிடும். ஏப்ரல் எட்டாம் தேதி சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று வந்தது. சட்ட ஆலோசகர் எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது என்று சொன்னதால் மிக விரிவாக எழுதியிருந்தார்கள்:

'இந்நிலையத்தில் உள்ள எந்த ஓர் உயிரின் பொருட்டும் விண்ணப்பம் அளிக்கப்பட்டால், விண்ணப்ப நாளில் அவ்வுயிருக்கு இருந்த வயதே, அந்தக் கோப்பு மூடப்படும் வரை, எல்லாக் காரியங்களுக்கும் அதன் வயதாகக் கொள்ளப்படும்.'

பாய் அதை என் மேசையில் வைத்து விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தார். 'எந்த ஓர் உயிரின்' என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் உறுதிமொழித் தாளை வாங்கி எழுதினார்: 'சுற்றறிக்கை நாற்பத்தொன்றின்படி மூன்று நாள். என் கண்ணுக்குத் தொண்ணூற்றைந்து நாள்.' கையெழுத்திட்டார். இயக்குநர் முதல் வரியைப் படித்துவிட்டு மகிழ்ந்து தோளில் தட்டினார். இரண்டாவது வரியைப் படிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. விருந்தினர்கள் வந்தார்கள், இருட்டைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள், கறிபஃப் சாப்பிட்டார்கள், போனார்கள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி காலை சுஷ்மிதா கையில் ஒரு சின்ன கேக்கும் ஓர் உறையும் கொண்டுவந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாய், ஹேப்பி பர்த்டே. உங்க ரீ-எம்ப்ளாய்மென்ட் ஃபைல் இன்னும் பெண்டிங். அப்ரூவ் ஆகாம அறுபத்துமூணு ஆயிட்டதால... இன்னிக்கு லாஸ்ட் டே. சாரி பாய்."

பாய் கேக்கை வாங்கிக்கொண்டார். உறையை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சுற்றறிக்கையை எடுத்து விரித்தார்.

"யாருக்கும்மா அறுபத்துமூணு? நான் ஜனவரி ஆறுல விண்ணப்பம் போட்டேன். கோப்பு மூடல. எனக்கு அறுபத்திரெண்டு."

சுஷ்மிதா படித்தார். "பாய், திஸ் இஸ் ஃபார் இன்செக்ட்ஸ் லா!"

"உயிர்னு போட்டிருக்கு. நான் உயிரோடத்தானே இருக்கேன்?"

சுஷ்மிதா இயக்குநரிடம் ஓடினார். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றால் பூச்சிகளுக்கு அன்றே நூற்றைந்து நாளாகிவிடும், கண்டுபிடிப்பு கவிழ்ந்துவிடும். அதனால் அது முடியாது. அப்படியானால் மறுவேலை நியமனத்தை அங்கீகரித்துவிடலாம் என்று கணினியில் போட்டார்கள். 'விண்ணப்பதாரருக்கு வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெறாதவரை மறுவேலையில் அமர்த்த இயலாது' என்று பதில் வந்தது. சரி, நிராகரிக்கலாம் என்றார் சட்ட ஆலோசகர். அதற்கும் அதே மாதிரி பதில்: ஓய்வு பெறாதவரின் மறுவேலை விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது; கோப்பு நிலுவையில் வைக்கப்படுகிறது.

மத்தியானம் இயக்குநர் கீழே இறங்கி வந்தார். பாய் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாகுல், நீங்கள் இந்த நிலையத்தின் சொத்து. உங்களை இழக்க நாங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. உங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் நோக்கத்தோடுதான் அந்தச் சுற்றறிக்கையையே நான் வடிவமைத்தேன்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா," என்றார் பாய். கேலியில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

விஷயம் பரவிவிட்டது. அடுத்த வாரத்துக்குள் ஒப்புதல் குழுவுக்கு இருபத்தேழு விண்ணப்பங்கள். நாற்காலி மாற்றம், ஜன்னல் திரை, எதற்கென்றே எழுதாத ஒன்று. எல்லாவற்றிலும் வயது என்ற கட்டம் மட்டும் தெளிவாக நிரப்பியிருந்தது. இயக்குநருடையதும் ஒன்று, அவருக்கு ஐம்பத்தொன்பது. என்னுடையதும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முப்பத்தொன்பது, விசிறி கேட்டிருக்கிறேன். எதையும் அவசரப்பட்டுப் பரிசீலிக்க வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, நூறில் கடைசிச் சுவர்க்கோழி செத்துப்போனது. பெண் பூச்சி. கால் ஒன்றுதான் மிச்சம். பாய் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இறப்புப் படிவத்தைத் திறந்தேன். வயது என்ற கட்டம் தானாகவே நிரம்பியது: மூன்று நாள். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"என்ன போடட்டும் பாய்?"

"உள்ளதப் போடும்மா. முதுமை."

போட்டேன். வயது: மூன்று நாள். காரணம்: முதுமை. பொத்தானை அழுத்தினேன். கேள்வி எதுவும் வரவில்லை. நாலு நொடியில் 'ஏற்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. பதினொரு வருடத்தில் எங்கள் நிலையம் இவ்வளவு சீக்கிரம் எதையும் ஏற்று நான் பார்த்ததில்லை.

பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். கணினிக்கு அந்த முழங்காலின் வயது தெரியாது.

"நாளைக்கு எனக்கும் இப்படித்தான் போடுவாங்களாம்மா? அறுபத்திரெண்டு வயசு, முதுமைன்னு?"

மிட்டாய் டப்பாவில் இருக்கும் அந்தப் பச்சைத் தகட்டைப் பற்றி நினைத்தேன். அதன் படத்தை இந்த ஆண்டு கூட்டக் குறிப்பில் 'ஏனைய விஷயங்கள்' என்ற தலைப்பில், யாரும் படிக்காத கடைசிப் பக்கத்தில், இணைப்பாகச் சேர்த்து வெளியிலிருந்து வந்த விருந்தினர்களுக்கும் அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. யாராவது படித்தால் கண்டுபிடிப்பு கவிழ்ந்து சுற்றறிக்கையும் போய்விடும். சுற்றறிக்கை போனால் பாய்க்கு அறுபத்துமூன்று.

"யாரும் படிக்க மாட்டாங்க, பாய்," என்றேன்.

"எத?"

"எதையுமே."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பத்தொன்பது வருடம் பூச்சி பார்த்த கண். பிறகு தலையாட்டினார்.

"படிக்கட்டும்மா. உள்ளது உள்ளபடி இருக்கணும்ல. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போறேன். கதீஜா குக்கர ஒளிச்சு வைக்கட்டும்."

செத்த பூச்சியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். மேசைக்கு அடியில் டப்பாவில் சத்தம் கேட்டது. எண் இல்லாத குஞ்சுகள் ஐந்தாவது முறை தோலுரித்துவிட்டுப் பசியோடு இருந்தன. பாய் கேரட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார்.